சலனப் படத்தில் சூரியன்

சூரியனின் முகம் நிமிடக் கணக்கில் மாறுகிறது. அதன் விளிம்பில் எழும் ஒரு வாயுப் பிழம்பு கால் மணி நேரத்தில் பூமியின் விட்டத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம் ஏறிவிடும். கரும்புள்ளிக் கூட்டத்தின் நடுவில் ஓர் ஒளிவெடிப்பு பளிச்சிட்டு, உச்சம் தொட்டு, அரை மணிக்குள் அடங்கிவிடும். நெபுலாவையோ விண்மீன் திரளையோ படமெடுப்பவருக்கு ஒரு நல்ல படம் போதும். அடுத்த ஆண்டு எடுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். சூரியனை ஒரே படத்தில் அடக்கினால் அதன் பாதிக் கதை விட்டுப்போகிறது. அதனால்தான் பொழுதுபோக்காகச் சூரியனைக் கவனிப்பவர்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்து, அதைச் சில நொடிகள் ஓடும் சலனப் படமாகச் சுருக்குகிறார்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய சூரியத் தொலைநோக்கி, ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி இருந்தால் வீட்டு வாசலிலிருந்தே இதைச் செய்ய முடியும்.

கருவிக்குப் போகுமுன், எதைப் படமெடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் கண்ணுக்கு வட்டமாகத் தெரிவது ஒளிக்கோளம் என்ற அடுக்கு. அதன் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். கரும்புள்ளிகள் இருப்பது இந்த அடுக்கில். அதற்கு மேலே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் கனத்தில் நிறக்கோளம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. பிழம்புகள், நீண்டு வளைந்த இழைகள், ஒளிவெடிப்புகள், புல்வெளி போல விளிம்பெங்கும் முளைத்து மறையும் நுண்தாரைகள் எல்லாம் நிறக்கோளத்திலும் அதற்கு மேலும் நடப்பவை. பிழம்பும் இழையும் ஒரே பொருள்தான். சூரிய விளிம்புக்கு வெளியே கருமையான வானத்தின் முன்னால் அது ஒளிர்ந்து நின்றால் பிழம்பு. பிரகாசமான வட்டத்தின் மேலே கறுத்துக் கிடந்தால் இழை. நிறக்கோளம் மிகவும் மங்கலானது. ஒளிக்கோளத்தின் வெளிச்சத்தில் அது அடியோடு மூழ்கிப்போகிறது.

அந்த வெளிச்சத்தை ஒதுக்குவது எப்படி என்ற கேள்விக்கு முதல் விடை தெலுங்கு நாட்டில் கிடைத்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார். பிழம்புகளின் ஒளி சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் வருவதைக் கண்டார். அந்த நிறத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் கிரகணம் இல்லாமலே பிழம்பைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும்விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார். அதுவரை கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டுமே கிடைத்துவந்த காட்சி, அதற்குப் பின் வெயிலடிக்கும் எந்த நாளிலும் கிடைக்கத் தொடங்கியது.

1890-களில் அமெரிக்காவின் ஹேலும் பிரான்சின் தெலாந்திரும் ஒரே நிறத்தில் முழுச் சூரியனையும் படமாக்கும் நிறமாலைச் சூரியப்பதிவியை உருவாக்கினார்கள். ஹேல் அதைச் செய்தது சிகாகோவில் தம் வீட்டை ஒட்டிக் கட்டிக்கொண்ட சொந்த ஆய்வகத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் செயல்படத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்து சூரியனின் முழுவட்டப் படங்களை அது தொடர்ந்து எடுத்துவருகிறது. கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலான அந்தப் படத் தட்டுகள் இன்று எண்ம வடிவில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

சலனப் படம் என்ற வடிவத்தைச் சூரியனுக்குப் பொருத்திய முன்னோடிகள் தொழில்முறை வானியலாளர்கள் அல்ல. மிச்சிகன் மாநிலத்தில் ஏஞ்சலஸ் ஏரிக்கரையில் ஃபிரான்சிஸ் மெக்மாத், அவர் மகன் ராபர்ட், நீதிபதி ஹென்றி ஹல்பர்ட் ஆகிய மூவரும் சொந்தச் செலவில் ஓர் ஆய்வகம் கட்டினார்கள். தந்தையும் மகனும் தொழிலால் பொறியாளர்கள். 1930-களில் அங்கே எடுக்கப்பட்ட பிழம்புப் படங்களைத் திரையில் ஓட்டியபோது வானியலாளர்களே வியந்தார்கள். பல பிழம்புகளில் வாயு மேலே எழாமல், உயரத்திலிருந்து வளைந்து வளைந்து கீழே கொட்டிக்கொண்டிருந்தது. தனித்தனிப் படத் தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபட்டிருக்காது. அதே பத்தாண்டில் பிரான்சின் பெர்னார் லியோ, பிக் து மிதி மலையுச்சியிலிருந்து தாம் கண்டுபிடித்த கருவியால் பிழம்புகளைப் படமெடுத்தார். 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் கெயில் மோர்ட்டன் எடுத்த இடைவெளிப் படங்களில், சில ஒளிவெடிப்புகளிலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓர் அலை சூரிய முகத்தில் பரவுவது தெரிந்தது. அந்த அலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இவை எல்லாம் பெரும் பொருட்செலவில் நடந்தவை. சாதாரண மனிதர் கைக்கு நிறக்கோளம் எட்டியதில் அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிட் லண்ட் தொடங்கிய கொரோனாடோ நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-இல் வந்த அதன் பிஎஸ்டி என்ற 40 மில்லிமீட்டர் தொலைநோக்கி 499 டாலருக்கு விற்கப்பட்டது. இன்று லண்ட், டேஸ்டார் போன்ற பல நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. டேஸ்டாரின் குவார்க் என்பது தனித் தொலைநோக்கி அல்ல; ஏற்கெனவே கையிலுள்ள லென்ஸ் தொலைநோக்கியின் கண்லென்ஸ் இடத்தில் பொருத்தும் வடிகட்டி.

ஒற்றைச் சிவப்பு

இந்தத் தொலைநோக்கிகளின் உயிர்நாடி எட்டலான் என்னும் உறுப்பு. ஹைட்ரஜன் அணு 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்ந்த சிவப்பு ஒளியை உமிழ்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. எச்-ஆல்ஃபா என்று அழைக்கப்படும் அந்தச் சிவப்பைத் தவிர மற்ற எல்லா ஒளியையும் தடுத்துவிட்டால் நிறக்கோளம் வெளிப்படும். ஆனால் சாதாரணச் சிவப்புக் கண்ணாடி மிக அகலமான அலைநீளப் பட்டைக்கு ஒளியை விட்டுவிடும். அதில் ஒளிக்கோளமே மேலோங்கும். வேண்டியது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஓர் ஆங்ஸ்ட்ராம், அல்லது அதற்கும் குறுகிய சாளரம். பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபாப்ரியும் பெரோவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கருவியே இதற்கு உதவுகிறது. மிகத் துல்லியமாகச் சமனாக்கிய இரண்டு கண்ணாடித் தட்டுகளை, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு இடைவெளியில் எதிரெதிரே வைத்தால், ஒளி அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் எதிரொளிக்கிறது. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி வெளியே வருகின்றன. மற்றவை தமக்குள்ளேயே அழிந்துபோகின்றன. வெளியே வருவது ஒரே அலைநீளம் அல்ல. சம இடைவெளியில் பல அலைநீளங்கள். அவற்றில் எச்-ஆல்ஃபாவை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளத் தடுப்பு வடிகட்டி என்ற இன்னொன்று பின்னால் இருக்கிறது. வெப்பத்தைத் தள்ளிவிட முன்னால் இன்னொரு வடிகட்டியும் உண்டு. இம்மூன்றும் சேர்ந்துதான் கருவியின் விலையைத் தீர்மானிக்கின்றன.

எட்டலானைச் சுருதி சேர்க்கவும் வேண்டும். சில கருவிகளில் தட்டைச் சற்றே சாய்த்தும், சிலவற்றில் உள்ளேயுள்ள காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், குவார்க்கில் வெப்பநிலையை மாற்றியும் இதைச் செய்கிறார்கள். இதற்கு ஒரு சுவையான பயன் உண்டு. நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ ஓடும் வாயுவின் ஒளி டாப்ளர் விளைவால் அலைநீளம் மாறி வருகிறது. நொடிக்கு 23 கிலோமீட்டர் வேகம் என்றால் மாற்றம் அரை ஆங்ஸ்ட்ராம். சாளரம் அதைவிடக் குறுகியதாக இருந்தால், வேகமெடுத்து நம் பக்கம் பாயும் இழை படத்திலிருந்து காணாமலே போய்விடும். இழை அழிந்துவிட்டது என்று தொடக்கக்காரர் நினைப்பார். சுருதியைச் சற்றுத் திருப்பினால் அது மீண்டும் தோன்றும்.

எட்டலான் வாங்க வசதி இல்லாதவர் வெண்ணொளியில் தொடங்கலாம். பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் போன்ற படலத்தைத் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்தினால், விழும் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கே உள்ளே போகும். கரும்புள்ளிகள் துல்லியமாகத் தெரியும். ஆனால் அங்கே சலனம் மிக மெதுவானது. நாளுக்கொரு படம் வீதம் இரண்டு வாரம் எடுத்துச் சேர்த்தால், சூரியன் தன்னைத்தானே சுற்றுவதும், புள்ளிகள் ஒரு விளிம்பில் தோன்றி மறுவிளிம்பில் மறைவதும் சலனப் படமாகும். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சி இல்லை. கால்சியம் கே என்னும் 393.4 நானோமீட்டர் ஊதா ஒளியில் எடுப்போரும் உண்டு. வயதானவர்களின் விழிலென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் அந்த ஒளி அவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது.

கண்ணும் கருவியும்

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 40 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் ஒரு வாட்டுக்குச் சற்று அதிகமாகவும், 100 மில்லிமீட்டர் லென்ஸ் எட்டு வாட் அளவும் திரட்டிச் சில மில்லிமீட்டர் வட்டத்தில் குவிக்கும். காகிதம் புகைய அது போதும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால், கண் வெந்துபோவது அந்த நேரத்தில் தெரிவதே இல்லை. ஆகவே வெண்ணொளி வடிகட்டி எப்போதும் முகப்பில்தான் இருக்க வேண்டும். கண்லென்ஸில் திருகிப் போடும் பழைய கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிடும்; அப்படி ஒன்று கையில் இருந்தால் தூக்கியெறிவதே நல்லது. எக்ஸ்ரே படலம், குறுந்தட்டு, புகையேற்றிய கண்ணாடி எதுவும் ஆகாது. படலத்தை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தின் எதிரே தூக்கிப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைநோக்கியின் பக்கத்தில் இருக்கும் சிறு குறிகாட்டித் தொலைநோக்கியைக் கழற்றிவிடவோ மூடிவிடவோ வேண்டும். பக்கத்தில் விளையாடும் குழந்தை அதில்தான் கண்ணை வைக்கும்.

கேமராவைப் பொருத்திவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு ஆபத்து பெருமளவு நீங்குகிறது. எல்லாம் திரையில்தான் நடக்கிறது. அதனாலேயே அலட்சியம் கூடாது. வடிகட்டி இல்லாத ஒரு நொடியில் கேமராவின் உணரியும் கருகிப்போகும்.

எட்டலானுக்கு ஈரம் பகை. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரங்களில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைப்பது அவசியம். சில பழைய கருவிகளில் உள்ளே இருக்கும் சிறு வடிகட்டி மங்கிப் படம் இருண்டுபோவதற்கு ஈரமே முக்கியக் காரணம்.

காற்று செய்யும் கலவரம்

சூரியப் படத்தின் பெரிய எதிரி தலைக்கு மேலே இருக்கும் காற்று. வெயில் ஏறியதும் தரை சூடாகி, சூடான காற்று கொப்புளம் கொப்புளமாக மேலெழுகிறது. அதன் வழியே வரும் ஒளி நொடிக்குப் பலமுறை அங்குமிங்கும் விலகுகிறது. விலை உயர்ந்த தொலைநோக்கியும் இதற்கு முன் செய்வதறியாது நிற்கும். ஆய்வகங்கள் இதற்குக் கண்ட வழி தண்ணீர். கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகம் ஓர் ஏரிக்குள் நிற்கிறது. உதய்ப்பூர் சூரிய ஆய்வகம் ஃபதே சாகர் ஏரியின் நடுத்தீவில் கட்டப்பட்டது. நீர்ப்பரப்பு தரையைப் போல விரைவில் சூடாவதில்லை.

பொழுதுபோக்காளர் ஏரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும். காலையில் சூரியன் ஓரளவு மேலேறிய பிறகு, தரை சூடாகும் முன் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரமே சிறந்த வேளை. நம் ஊர்களில் பலரும் முதலில் நினைப்பது மொட்டை மாடியை. வானம் திறந்து கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் காங்கிரீட் தளம் முந்தைய நாள் வெயிலையே இரவெல்லாம் தேக்கி வைத்திருக்கும். ஒன்பது மணிக்குள் அது மறுபடி சுட ஆரம்பித்துவிடும். புல் முளைத்த திடலோ, தென்னை நிழல் விழும் தோட்டமோ, நீர் நிற்கும் வயலின் வரப்போ அதைவிட மேல். மாடிதான் வழி என்றால், சுற்றி நனைத்த சாக்குகளை விரிப்பது ஓரளவு உதவும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் தை, மாசிக் காலைகள் தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற பருவம்.

காற்றின் கலக்கத்தை முழுமையாகத் தவிர்க்க முடியாது. அதை ஏமாற்றும் வழியைத்தான் இன்றைய எல்லாச் சூரியப் படக்காரர்களும் பின்பற்றுகிறார்கள். எவ்வளவு மோசமான காற்றிலும், நொடியின் ஒரு சிறு பகுதிக்கு எல்லாம் அடங்கித் தெளிவாகும் கணங்கள் வந்துபோகும். மிகக் குறைந்த நேர ஒளிபதிவில் ஆயிரக்கணக்கான சட்டங்களை எடுத்து, அந்தத் தெளிவான கணங்களில் விழுந்த சட்டங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டால் காற்று தோற்றுவிடும். அதற்கு வேகமான கேமரா வேண்டும்.

கேமராவும் கணக்கும்

செல்போனைக் கண்லென்ஸில் பிடித்தும் பிழம்பை எடுக்கலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சலனப் படத்துக்கு ஏற்றது கோள்களைப் படமெடுக்கப் பயன்படும் சிறிய யூஎஸ்பி கேமரா. அதிலும் கறுப்பு வெள்ளை உணரி. வண்ணக் கேமராவில் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பெறும். எச்-ஆல்ஃபாவில் மீதி மூன்றும் வீண். படங்களில் காணும் ஆரஞ்சும் சிவப்பும் பின்னர் கணினியில் பூசப்படுபவை.

தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். சூரியன் வானில் அரை டிகிரி அகலம். ஆகவே குவியத்தூரத்தை ஏறக்குறைய 107-ஆல் வகுத்தால் உணரியில் விழும் சூரிய வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 400 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு அது 3.7 மில்லிமீட்டர். சோனியின் ஐஎம்எக்ஸ் 178 உணரி 7.4-க்கு 5 மில்லிமீட்டர் அளவுள்ளது. முழுச் சூரியனும் வசதியாக அமரும். அதன் புள்ளி அளவு 2.4 மைக்ரான். பலர் விரும்பும் ஐஎம்எக்ஸ் 174-இன் புள்ளி 5.86 மைக்ரான், வேகம் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட சட்டங்கள். பெரிய புள்ளிக்கு ஈடுகொடுக்கக் குவியத்தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் வேண்டும். போட்டால் வட்டம் 7.4 மில்லிமீட்டராகி, 7.1 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த உணரியில் மயிரிழையில் அடங்காமல் போகும். அப்போது இரண்டு துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டியதுதான். சிறிய தொலைநோக்கிகள் பலவற்றில் பார்லோ இல்லாமல் கேமராவின் குவியம் எட்டுவதே இல்லை என்பதால் அதை வாங்கிவைப்பது எப்படியும் நல்லது.

எவ்வளவு நுண்மை கிடைக்கும் என்பதை விட்டம் தீர்மானிக்கிறது. எச்-ஆல்ஃபாவில் 40 மில்லிமீட்டர் லென்ஸ் பிரித்துக் காட்டுவது சுமார் நான்கு வில்நொடிக் கோணம். சூரியனில் ஒரு வில்நொடி 725 கிலோமீட்டர். ஆக, மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் கலங்கலாகவே தெரியும். பூமியே அங்கே பதினேழு பதினெட்டு வில்நொடிதான்.

படம்பிடிக்க ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் என்ற மென்பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன. முதலில் குவியத்தைச் சூரிய விளிம்பிலும், பிறகு ஒரு கரும்புள்ளியிலும் வைத்துச் சரிபார்ப்பார்கள். கடும் வெயிலில் மடிக்கணினித் திரையைப் பார்ப்பது பெரும்பாடு. அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்துத் தலைமேல் கறுப்புத் துணி போட்டுக்கொள்வதைவிட நல்ல தீர்வை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வட்டத்துக்கும் பிழம்புக்கும் ஒரே ஒளிபதிவு நேரம் ஒத்துவராது. வட்டத்துக்குச் சில மில்லிநொடி போதும். பிழம்பு மங்கலானது என்பதால் அதற்குப் பல மடங்கு வேண்டும், அப்போது வட்டம் வெளுத்துப்போகும். இரண்டும் வேண்டுமானால் தனித்தனியே எடுத்துப் பின்னர் இணைப்பார்கள். சலனப் படத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வது தலைவலியைக் குறைக்கும்.

ஒற்றை நிற ஒளி என்பதால் ஒரு தனித் தொல்லை உண்டு. உணரிக்கும் அதன் முன்னுள்ள கண்ணாடிக்கும் இடையே ஒளி எதிரொளித்து, படமெங்கும் வரிவரியாக நியூட்டன் வளையங்கள் தோன்றும். கேமராவை ஒன்றிரண்டு டிகிரி சாய்த்துப் பிடிக்கும் இணைப்பான் அதைப் போக்கும். உணரியிலுள்ள தூசியும் வெளிச்சச் சீரின்மையும் தனி. அதற்கு முகப்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டிச் சூரியனை நோக்கிச் சமவெளிச்சப் பதிவு ஒன்றை எடுத்து, மற்றப் படங்களை அதனால் திருத்துவார்கள். காசு செலவில்லாத இந்தப் பையைத் தவிர்ப்பவர்கள் பிறகு கணினியில் மணிக்கணக்கில் தூசி துடைக்கிறார்கள்.

நகரச் செய்தல்

சலனப் படத்தின் ஒவ்வொரு சட்டமும் ஒரு சிறு காணொளியிலிருந்து பிறக்கிறது. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நொடியில் ஆயிரம் சட்டங்கள் எடுத்து, அவற்றில் தேறும் நூறு, இருநூற்றை மட்டும் சேர்த்து ஒரு படமாக்குகிறார்கள். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் சட்டங்களைத் தரம் பிரித்து, சிறுசிறு பகுதிகளாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்த்துத் தருகிறது. அரை நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு மணி நேரம் எடுத்தால் 120 படம். நொடிக்கு 12 வீதம் ஓட்டினால் பத்து நொடிச் சலனம். கேட்க அற்பமாக இருக்கும். அந்தப் பத்து நொடியில் ஒரு பிழம்பு எழுந்து, முறுக்கி, அறுந்து விழுவதைப் பார்த்தவருக்கு அந்த எண்ணம் வராது.

இடைவெளியையும் காணொளியின் நீளத்தையும் மனம்போல வைக்க முடியாது. பிழம்பிலிருந்து கொட்டும் வாயு நொடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால், ஒரு வில்நொடித் தொலைவைக் கடக்க அதற்கு 15 நொடிக்கும் குறைவே ஆகும். நான்கு வில்நொடி பிரிக்கும் சிறு தொலைநோக்கியில் ஒரு நிமிடம் வரை தாங்கும். ஒரு வில்நொடி பிரிக்கும் 150 மில்லிமீட்டர் கருவியில் காணொளி 15 நொடியைத் தாண்டினால் அசைவே படத்தைக் கலக்கிவிடும். ஐந்து பத்து நிமிடமே வாழும் நுண்தாரைகளைத் தொடர்வதென்றால் அரை நிமிட இடைவெளி வேண்டும். அசையாமல் வாரக்கணக்கில் நிற்கும் அமைதியான பிழம்புக்கு இரண்டு நிமிட இடைவெளிகூடப் போதும். எந்தப் பகுதி துடிப்பாக இருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்க, உதய்ப்பூர் உட்பட உலகின் ஆறு இடங்களில் அமைக்கப்பட்ட காங் என்ற சூரியக் கண்காணிப்பு வலையமைப்பின் எச்-ஆல்ஃபா படங்கள் உதவுகின்றன. ஒளிவெடிப்பை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, காத்திருப்பவருக்கே கிடைக்கும். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்த அந்தப் பெரும் காந்தப்புயலின் நாள்களில், 3664 என்று எண்ணிடப்பட்ட புள்ளிக் கூட்டத்திலிருந்து ஒளிவெடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. மே 11 அன்று இந்திய நேரம் காலை 6.53-க்கு உச்சம் தொட்ட ஒன்று, இங்கே விடியலில் கருவியைத் தயாராக வைத்திருந்தவர்களுக்கு வாய்த்திருக்கும்.

இவ்வளவு நேரமும் சூரியன் சட்டத்துக்குள்ளேயே நிற்க, பூமியின் சுழற்சியை ஈடுசெய்து திரும்பும் துருவ அச்சுத் தாங்கி தேவை. சாதாரண மேல்கீழ் தாங்கியிலும் சூரியனைத் தொடரலாம். ஆனால் படம் மெல்லச் சுழன்றுகொண்டே போகும், நம் ஊரில் உச்சிப்பொழுதை நெருங்க நெருங்க அந்தச் சுழற்சி வேகமெடுக்கும். துருவ அச்சுத் தாங்கியைப் பகலில் ஒழுங்குசெய்யத் துருவ நட்சத்திரம் கிடையாது. திசைகாட்டியால் வடக்கைக் கண்டு, அச்சை ஊரின் அட்சரேகைக்குச் சாய்ப்பார்கள்: சென்னைக்கு 13 டிகிரி, கன்னியாகுமரிக்கு 8. குளிர்நாடுகளுக்காக வடிவமைத்த சில தாங்கிகள் இவ்வளவு தாழ்வாகச் சாயாமல் முரண்டுபிடிக்கும். வாங்குமுன் இதை விசாரிப்பது நல்லது. வேகத்தையும் விண்மீன் வேகத்தில் வைக்காமல் சூரிய வேகத்தில் வைக்க வேண்டும். சூரியன் விண்மீன்களுக்கிடையே நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி நகர்வதால், மறந்துவிட்டால் ஒரு மணியில் இரண்டரை வில்நிமிடம் விலகிப்போகும்.

வட்டு இடம் இன்னொரு கவலை. ஐஎம்எக்ஸ் 174-இன் முழுச் சட்டம் ஒன்று 2.3 மெகாபைட், ஆயிரம் சட்டங்கள் 2.3 கிகாபைட், 120 காணொளிகள் என்றால் 280 கிகாபைட்டைத் தொடும். பிழம்பைச் சுற்றி ஒரு சிறு செவ்வகத்தை மட்டும் பதிந்தால் இடமும் மிச்சம், வேகமும் கூடும்.

சேர்த்த படங்களை ஐஎம்பிபிஜி போன்ற மென்பொருளில் கூர்மையாக்கி, ஒன்றோடொன்று வரிசைப்படுத்துவார்கள். இங்கே முக்கியம், எல்லாப் படத்துக்கும் ஒரே அமைப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அழகுபடுத்தினால் ஓட்டும்போது படம் மினுக்மினுக்கென்று துடிக்கும். கூர்மையாக்குவதில் கை நீள்வது இந்தத் துறையின் பொதுவான வியாதி. அளவு மீறினால் விளிம்பில் இல்லாத வெள்ளைக் கோடும், வட்டத்தில் இல்லாத கயிறுகளும் முளைக்கும். நிறத்தைத் தலைகீழாக்கி வட்டத்தை இருளாகவும் இழைகளை ஒளியாகவும் காட்டுவதும் ஒரு வழக்கம். நுண்மை எடுப்பாகத் தெரியும் என்றாலும், அப்படிச் செய்ததாக ஒரு வரி குறிப்பிடுவது முறை.

எட்டலானையே தவிர்க்கும் இன்னொரு பாதையும் அண்மையில் திறந்திருக்கிறது. பிரெஞ்சு வானியல் ஆர்வலர் கிறிஸ்தியான் புய் வடிவமைத்த சோலெக்ஸ் என்ற நிறமாலைக் கருவியின் உடலை முப்பரிமாண அச்சில் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். ஒரு நுண்ணிய பிளவின் குறுக்கே சூரியன் நகர, அதன் நிறமாலையைக் கேமரா காணொளியாகப் பதிகிறது; மென்பொருள் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு நிறக் கோட்டை மட்டும் உருவி, வரிசையாக அடுக்கி, முழுச் சூரியனையும் கட்டியெழுப்புகிறது. ஹேலும் தெலாந்திரும் கண்ட அதே முறைதான். அவர்களின் படத் தட்டுக்குப் பதில் கணினி. ஒரே பதிவிலிருந்து, கோட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், நம்மை நோக்கி வரும் வாயுவையும் விலகும் வாயுவையும் தனித்தனிப் படமாக்க முடியும். ஒரு முழுச் சூரியனுக்குச் சற்று நேரம் பிடிப்பதால் வேகமான பிழம்புக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. நாள்தோறும் முழுவட்டப் படம் எடுப்பவருக்கு மிகவும் ஏற்றது.

முடிந்த படத்தில் நாள், உலகப் பொதுநேரம், அலைநீளம், தொலைநோக்கியின் விட்டம், சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்ற விவரங்களைப் பதிவது வழக்கம். ஓரத்தில் பூமியின் அளவுக்கு ஒரு சிறு வட்டம் வரைந்துவிட்டால், பார்ப்பவருக்குப் பிழம்பின் பிரம்மாண்டத்தை வார்த்தையால் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் அல்போ, பிரிட்டிஷ் வானியல் சங்கம் ஆகிய அமைப்புகளின் சூரியப் பிரிவுகள் ஆர்வலர்களின் பதிவுகளைப் பெற்றுத் தொகுத்துவருகின்றன. நேரம் துல்லியமாகக் குறிக்கப்படாத படத்தால் அங்கே பயனில்லை; பதிவைத் தொடங்குமுன் மடிக்கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.